குன்றும் குழியும்: தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை ஒரு நாட்பயணம்

யாத்திரை என்றவுடன் நம்மிற் பலருக்கு உதகையும் கொடைக்கானலும் குற்றாலமுமே நினைவுக்கு வருகின்றன. அவற்றிற்குச் செல்லப் பணம் வேண்டும், விடுமுறை வேண்டும், வீட்டாரின் இசைவும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தல் அரிது. ஆதலின் மாணாக்கரிற் பெரும்பாலோர் விடுதிக்கும் வகுப்பறைக்குமாக நடந்தே தம் கல்லூரி நாட்களைக் கழித்து, தம்மைச் சூழ்ந்திருந்தவை யாவை என்று அறியாமலே விடைபெற்றுச் செல்கின்றனர். தாம்பரத்தினின்று வடக்கு நோக்கிச் சென்றால், ஒரு பகற்பொழுதில் துவிசக்கர வண்டியிலும் கால்நடையாகவும் கண்டு திரும்பத்தக்க குன்றுகளும் கைவிடப்பட்ட கற்குழிகளும் பலவுள. அவற்றுள் சிலவற்றை யாம் சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று கண்டு வந்தோம். கண்டவற்றையும், அவற்றால் அறிந்தவற்றையும், இனிச் செல்வோர் கருத்திற் கொள்ள வேண்டியவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் எழுவர், அறுவர் மாணாக்கர், ஒருவர் ஆசிரியர். வண்டிகளுள் நான்கு சொந்தம், மூன்று இரவல். வைகறையில் ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். பகலில் அப்பெருஞ்சாலையில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே சைக்கிளிற் செல்வது அறிவுடைமை ஆகாது. ஞாயிறு எழுமுன் செல்வோர்க்கோ அது பெரிதும் ஒதுங்கி வழிவிடும். இத்தகைய பயணத்திற்குச் சைக்கிளே தக்க ஊர்தி என்பது எம் துணிபு. பேருந்தில் செல்பவன் குன்றைக் கண்டேன் என்று சொல்வதற்குள் குன்று பின்சென்றுவிடும். நடந்தே செல்பவன் இரண்டாவது குன்றை அடையுமுன் உச்சிவெயில் வந்துவிடும். அடிவாரம் வரையில் சைக்கிள், அதன்மேல் கால்நடை என்று அமைத்துக்கொண்டால் தூரமும் கைகூடும். நின்று நோக்க நேரமும் கிட்டும்.

முதலில் யாம் அடைந்தது பல்லாவரம். பல்லவபுரம் என்பதே பல்லாவரம் என மருவிற்று என்பர். அப்பெயருக்குச் சான்றாக அங்கே ஒரு சிறு குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயில் ஒன்றுண்டு. அம்மன்னனுடைய விருதுப்பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. இக்காலத்தில் அது இஸ்லாமியர் வழிபடும் இடமாக விளங்குகின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் இன்றிக் கோயில் எடுத்தவன் என்று தன்னைக் கூறிக்கொண்ட அவ்வரசன், கருங்கல்லைக் குடைவதன் அருமையை அறியாதவனல்லன். அவன் சிற்பிகள் எதிர்கொண்ட கல் எத்தகையது என்பதை அறிந்தால் நம் வியப்பு இன்னும் மிகும்.

பல்லாவரத்துக் குன்றுகளில் வெயிலும் மழையும் பட்ட பாறைகள் மேலே பழுப்பு நிறமாகவும், உருண்டு திரண்டும் காணப்படும். கல்லுடைத்த இடத்தை நோக்கினாலோ, உள்ளே கருநீலம் கலந்து, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுக்கும். இப்பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். அப்பெயர் வந்த வரலாறு சுவையானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவியவராகக் கூறப்படும் ஜாப் சார்னக் என்பவர் 1693இல் காலமானார். அவருடைய கல்லறையின்மேல் பதித்த கல் சென்னைப் பக்கத்தினின்று கொண்டு செல்லப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த தாமஸ் ஹாலண்டு என்பார் அக்கல்லையும் பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களின் பாறையையும் ஒப்புநோக்கி, இவ்வகைப் பாறைக்கு 1893இல் சார்னக்கின் பெயரையே சூட்டினார். இன்று அப்பிரிக்காவிலும் அண்டார்க்டிகாவிலும் இவ்வகைக் கல்லைக் காணும் அறிஞர் அப்பெயரைச் சொல்லும்போது, அவர்கள் அறிந்தோ அறியாமலோ, நம் பக்கத்துக் குன்றைச் சுட்டுகின்றனர். பரங்கிமலைப் பாறையை நிலவியல் துறையினர் தேசிய நிலவியல் சின்னங்களுள் ஒன்றாகவும் வைத்துள்ளனர்.

இக்கல் எவ்வாறு உண்டாயிற்று? ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் மேற்பரப்பிற்குப் பல மைல்கள் கீழே, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இது பக்குவப்பட்டது. சாதாரணக் கருங்கல்லில் அப்பிரகம் முதலிய நீர்ச்சார்புள்ள கனிமங்கள் இருக்கும். இதிலோ நீர் பெரிதும் அற்றுப்போய், ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் தோன்றியிருக்கும். சார்னகைட்டை அடையாளம் காட்டுவது அதுவே. பின்னர் எண்ணிறந்த ஆண்டுகளாக மேலிருந்தவை மழையாலும் காற்றாலும் தேய்ந்து கழிய, ஆழத்திற் கிடந்தது மேலே வந்தது. சுற்றியிருந்த மெலிந்த பாறை மண்ணாகிப் போக, வலியது குன்றாக நின்றது. ஆகவே சமவெளியில் தனித்து நிற்கும் இக்குன்றுகள் மேலே எழும்பியவை அல்ல. மற்றவை தேய்ந்தபோது தேயாமல் எஞ்சியவை.

பல்லாவரத்திற்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், இங்குள்ள படைவீரர் அணிவகுப்புத் திடலருகே சரளைக்கல் தோண்டிய குழியொன்றில், மனிதன் கையால் செதுக்கப்பெற்ற கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலத்துக் கருவி என்று உணர்ந்தார். இந்திய நாட்டின் தொல்பழங்கால ஆராய்ச்சி அந்நாளில் அக்குழியில் தொடங்கிற்று என்பது மிகையன்று. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவர் தம் தோழர் வில்லியம் கிங் என்பாருடன் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுட் பழையவை 15 லட்சம் ஆண்டுகள் முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆராய்ச்சி உரைக்கின்றது. சாலைக்குச் சரளை வேண்டித் தோண்டிய குழிதான் இத்துணையும் நமக்குக் காட்டிற்று. குழி என்று நாம் இகழ்வது சில வேளைகளில் நிலமகள் தன் ஏட்டைப் பிரித்துக் காட்டும் இடமாகும். ஆனால் ஏட்டைப் பிரிப்பது வேறு, கிழித்தெறிவது வேறு. அவ்வேறுபாட்டை யாம் அடுத்த இடத்திற் கண்டோம்.

அது திரிசூலம். புகைவண்டிப் பாதைக்குக் கிழக்கே குன்றுகள். மேற்கே மீனம்பாக்கம் விமான நிலையம். குன்றுகளின் நடுவே சோழர் காலத்துச் சிவன் கோயில் அமைந்திருக்கின்றது. கோயிலைக் கடந்து ஏறிய எமக்கு ஒரு பக்கம் பசிய புதரும், மறுபக்கம் கத்தியால் அரிந்தாற்போன்ற செங்குத்தான பாறைச்சுவரும் தோன்றின. அச்சுவரில் மேலிருந்து கீழாக நெடுங்கோடுகள் காணப்பட்டன. அவை வெடி வைத்தற்குத் துளையிட்ட தடங்கள். முற்காலத்தில் உளியும் சம்மட்டியும் கொண்டு வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு அடித்து, பாறையின் இயல்பான வெடிப்பை ஒட்டிப் பிளந்தனர். அம்முறையில் ஒருநாள் வேலைக்கு ஒருநாட் கல்லே கிடைக்கும். பின்னர்த் துளைக்கருவியும் வெடிமருந்தும், கல்லரைக்கும் இயந்திரமும் வந்தன. இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் நின்ற குன்று, ஒரு தலைமுறைக்குள் ஜல்லியாகி வண்டியேறிற்று.

இதைக் கண்டபோது எம்முள் ஒருவர் சினந்து, இக்கொடுமையைச் செய்தவர் யார் என்று வினவினார். ஆசிரியர் விடையாக, "தம்பி, நீ தங்கியிருக்கும் விடுதியின் அடித்தளத்தில் என்ன இருக்கிறது? நாம் இப்போது வந்த சாலையின் அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். வினவியவர் வாளாவிருந்தார். சென்னை மாநகரம் கட்டப்பட்டது இக்கற்களாலேயே. குன்று குறைந்த அளவிற்கு நகரம் வளர்ந்தது. ஆதலின் கல்லுடைத்தோர் மேல் மட்டும் பழி சுமத்துதல் நியாயமன்று. எங்கே நிறுத்துவது என்று எண்ணாமையே நம் எல்லோருடைய குற்றமுமாகும்.

ஒன்பது மணியளவில் பரங்கிமலையை அடைந்தோம். ஏறத்தாழ 300 அடி உயரமே உள்ள அதன் உச்சிக்குப் படிவழி உண்டு. அப்படிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அமைப்பித்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். உச்சியிலுள்ள பழைய தேவாலயத்தைத் தோமா அப்போஸ்தலரின் நினைவோடு இணைத்து மக்கள் போற்றுகின்றனர். அங்கு நின்று நோக்கினால் வடக்கே அடையாறும், மேற்கே விமான ஓடுபாதையும், வானம் தெளிந்த நாளில் கிழக்கே கடலும் தெரியும்.

இம்மலையடிவாரத்தில்தான் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் தம் பெருவேலையைத் தொடங்கினார். இந்திய நாடு முழுவதையும் முக்கோணங்களால் அளக்க அவர் எண்ணினார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாம் என்பதை நாம் பள்ளியிலேயே கற்றோம். அந்த முதற் பக்கத்தை மட்டும் தரையில் கையால் அளந்தாக வேண்டும். அதற்குத் தக்க சமவெளி பரங்கிமலையிலிருந்து தெற்கே கிடந்தது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை பரப்பி, ஏழரை மைல் நீளத்தை அளந்தனர். வெயிலின் வெம்மையால் சங்கிலி நீளுவதையும் கணக்கிற் கொண்டனர். அவ்வொரு கோட்டினின்று பிறந்த முக்கோணங்கள் இமயம் வரையில் பரவின. எவரெஸ்ட்டின் உயரமும் அவ்வளவையின் தொடர்ச்சியாகவே அறியப்பட்டது. குன்றுகள் அளவைக்கு இன்றியமையாதவை. உயரத்தில் நின்றாலன்றித் தொலைவிலுள்ள குறியைக் காண இயலாது. இத்தகைய குன்றுகளை அறுத்துத் தள்ளும்போது கல் மட்டுமன்று, நாட்டை நோக்குவதற்கு முன்னோர் நின்ற நிலையும் போகின்றது.

திரும்பும்போது வந்த வழியை விட்டு, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியே நன்மங்கலத்தை நோக்கிச் சென்றோம். இவ்வழியில் கைவிடப்பட்ட கற்குழிகள் பல. ஊரார் அவற்றைக் கல்குட்டை என்பர். அவற்றுள் ஒன்றின் கரையில் நண்பகலில் இறங்கினோம். அதன் பெயரை ஈண்டுக் குறிப்பது வேண்டா. நாற்புறமும் கரும்பாறைச் சுவர். நடுவே பசுமை கலந்த நீலநீர், கண்ணாடி போல் அசைவற்றுக் கிடந்தது. மீன்கொத்தி ஒன்று மட்டும் பாறையினின்று பாறைக்குப் பறந்தது. முப்பது கிலோமீட்டருக்கு அருகாக மிதித்து வந்த எமக்கு அந்நீரைக் கண்டதும் உண்டான வேட்கையைச் சொல்லவேண்டுவதில்லை. எம்முள் இளையவரும், ஆற்றங்கரை ஊரிற் பிறந்து நீந்தி வளர்ந்தவருமாகிய ஒருவர், யாம் கவனிப்பதற்குள் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டார்.

அப்போது கரைமேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கோலை உயர்த்திக்கொண்டு விரைந்து வந்தார். "தம்பி, சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இது ஏரியில்லை" என்றார்.

"ஐயா, எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்" என்றார் எம் நண்பர்.

"தெரிந்த பிள்ளைகள்தான் இறங்குகிறார்கள் தம்பி. தெரியாதவன் கரையிலேயே நின்றுகொள்வான். இதிலிருந்து நான் தூக்கின பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியும்."

எம் நண்பர் சட்டையை எடுத்துக்கொண்டார். முதியவர் எம்மோடு பாறைமேல் அமர்ந்து, தாம் இளமையில் அக்குழியிலேயே கல்லுடைத்தவர் என்று கூறினார். பின்னர் அவர் எமக்கு விளக்கியதை எந்தப் புத்தகத்திலும் யாம் படித்ததில்லை. ஏரியில் இறங்குபவனுக்கு முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் படிப்படியாகத் தன்னை அறிவிக்கும். கற்குழியிலோ கல்லை மேடை மேடையாக வெட்டியெடுத்தமையால், முதல் அடியில் பாறை இருக்கும். இரண்டாம் அடியில் ஒன்றும் இராது. மேடைமேல் படிந்த பாசி காலை வழுக்கிவிடும். மேல்நீர் வெயிலில் சூடாயிருக்க, சற்றுக் கீழே நீர் மிகக் குளிர்ந்திருக்கும், திடீரெனக் குளிர்பட்டவனுக்கு மூச்சு முட்டும், கைகால் மரத்துப்போம். மேலிருந்து குதிப்பவனுக்கோ, நீருக்குள் எங்கே கூரிய கல் நிற்கிறது, எங்கே பழைய இரும்புக் கம்பி கிடக்கிறது என்று தெரியாது. இவை எல்லாவற்றிற்கும் தப்பியவனும் கரையேற முடியாமல் களைத்துப் போவான். செங்குத்தான சுவரில் கைப்பிடிக்க இடமில்லை. "நாங்கள் ஏறி இறங்கின பாதை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது" என்று அவர் முடித்தார். நாங்கள் கொண்டுவந்த உணவில் ஒரு பங்கை அவருக்கு அளித்தோம். அவர் மறுத்தும் விடவில்லை.

இக்குழிகளில் நீர் நிற்பது ஏன்? சார்னகைட்டுக்குள் நீர் எளிதிற் புகாது; ஆனால் அதிலுள்ள வெடிப்புகளின் வழியே நிலத்தடிநீர் ஓடும். நிலத்தடிநீர் மட்டத்திற்குக் கீழே குழி சென்றவுடன் ஊற்று எழும். மழைநீரும் வந்து சேரும். கல்வேலை நடக்கும் வரையில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பர். வேலை நின்றதும் குழி நிறைந்துவிடும். அடியில் மண் இன்மையால் நீர் கலங்குவதில்லை. நம் கண்ணை மயக்கும் தெளிவும் நிறமும் அதனாலாவன. அவை ஆழத்தின் அடையாளமே அன்றிப் பாதுகாப்பின் அடையாளம் அல்ல.

ஆயினும் இந்நீர் உயிர் கொள்வது மட்டுமன்று, உயிர் காத்ததும் உண்டு. 2017ஆம் ஆண்டில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டையடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்டிருந்த கற்குழிகளின் நீரைக் குழாய் வழியே செம்பரம்பாக்கத்திற்குக் கொண்டுசென்று, தூய்மை செய்து, நகரத்திற்கு வழங்கினர். 2019ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அக்குழிகளே மீண்டும் கைகொடுத்தன. பயனற்றது என்று எறிந்ததே பயன்பட்டது. ஆதலின் கற்குழிகளைக் குப்பையால் நிரப்பிவிடலாம் என்போர் கூற்று ஆராயத்தக்கது. குப்பையிட்டால் அக்குப்பையின் நஞ்சு அதே வெடிப்புகளின் வழியே ஊர்க்கிணறுகளுக்குச் செல்லும்.

பிற்பகலில் நன்மங்கலத்தை அடைந்தோம். இது வனத்துறையின் காவலிலுள்ள காப்புக்காடு. இசைவின்றி உட்புகுதல் கூடாது. ஆதலின் யாம் சாலையோரத்தினின்றே நோக்கினோம். களாவும் காரையும் விராலியும் செறிந்த புதர்க்காடு அது. இக்காட்டினுள்ளும் பழைய கற்குழிகள் உள. அவற்றின் பாறைச்சுவர் விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடுவைத்து வாழ்கின்றது. இப்பறவை கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறையின் ஒதுக்கிடமே அதற்கு வீடு. மனிதன் வெடிவைத்துப் பிளந்த சுவர், அவன் விலகியபின் அப்பறவைக்கு மாளிகையாயிற்று. கைவிட்ட இடத்தைச் சில்லாண்டுகள் தொந்தரவு செய்யாதிருந்தால் இயற்கை தானே வந்து குடியேறும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, எம்மைப்போற் செல்ல விரும்பும் நண்பர்க்குச் சில குறிப்புகள். வைகறையிற் புறப்படுக, நண்பகலுக்குமுன் குன்றேறி முடிக்க. தனித்துச் செல்லற்க, நால்வர்க்குக் குறையாமற் செல்க. வண்டியின் தடையையும் சக்கரக் காற்றையும் முந்தைய மாலையிலேயே சோதிக்க. இரவல் வண்டியாயின் இருமுறை சோதிக்க. ஒட்டுப்போடும் பொருள்களும் காற்றடிக்கும் கருவியும் ஒரு குழுவிற்கு ஒன்றாவது வேண்டும். குடிநீர் ஒவ்வொருவரும் கொண்டு செல்க. வேலை நடக்கும் கல்குவாரிக்குள் நுழையற்க. வெடி வைக்கும் நேரம் நமக்குத் தெரியாது. பாறைச்சுவரின் விளிம்பில் நிற்கற்க. மேற்பாறை வெடியால் நெகிழ்ந்திருக்கும். எவ்வளவு நீந்தத் தெரிந்தவராயினும் கல்குட்டையில் இறங்கற்க. கல்வெட்டுள்ள பாறையில் தம் பெயரைப் பொறிப்போர் மகேந்திரவர்மனோடு போட்டியிடுகின்றனர். அப்போட்டியில் அவர்கள் வென்றதாக வரலாறு இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வூர் முதியோரோடு பேசுக. நாம் அறியவேண்டியவற்றுட் பாதி அவரிடம் உள்ளது.

மாலை ஐந்து மணிக்கு மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் திரும்பினோம். எழுவர் சென்றோம், எழுவரும் வந்தோம். இதனை ஒரு செய்தியாக எழுதுவதேன் என்று சிலர் நகைக்கலாம். அம்முதியவர் அன்று தம் ஆடுகளை வேறிடத்திற்கு ஓட்டிச் சென்றிருந்தால், இவ்விதழில் இக்கட்டுரை இருந்த பக்கத்தில் வேறொன்று அச்சாகியிருக்கக் கூடும். நண்பர் அன்று முதல் எம்மை விடுவதில்லை. புதிதாகச் சேரும் மாணாக்கர்க்குக் கல்குட்டைகளைப் பற்றித் தாமே எடுத்துரைத்து வருகின்றார்.

குன்றுகளைப் படைக்க நம்மால் ஆகாது. எஞ்சியவற்றைக் காத்தல் ஆகும். குழிகளை மீண்டும் குன்றாக்க நம்மால் ஆகாது. அவற்றை வேலியிட்டு, எச்சரிக்கைப் பலகை நாட்டி, நீர்நிலையாகவும் பறவைக்கு உறைவிடமாகவும் போற்றுதல் ஆகும். காணாததை ஒருவரும் காக்கமாட்டார். ஆதலின் அன்பர்களே, வரும் விடுமுறையில் ஒருநாளை இதற்கென ஒதுக்குங்கள். சைக்கிளை எடுங்கள், பல்லாவரத்துப் பாறையில் ஒருமுறை கைவைத்துப் பாருங்கள். நிலமகளின் மூத்த குழந்தைகளுள் ஒன்றைத் தொட்டு வந்த மகிழ்ச்சியோடு மாலையில் வீடு திரும்புவீர்கள்.